நிறுத்தம் இல்லாத பாட்டு

சார்ஜண்ட் ஒவ்வொருவர் வாயருகிலும் காதைக் கொண்டுபோய்க் கேட்டபடி வந்தார்.

பாட்டு நிற்கவில்லை. செபஸ்தியன் வாத்தியாரின் கைகள் காற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

மலாயாவில், காஹாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுத் திடலில், இளவெயிலில், பாடகர் குழு நின்றது. முன்னால் பெண்கள். பின்னால் கட்டைக் குரல் ஆண்கள். அவர்களுக்கும் பின்னால், சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கும் லாரி.

ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்குக் குளுவாங் டவுனில் பாடப்போகிறவர்களை மட்டும் லாரியில் ஏற்றக் கூடாது. அது கேப்டனின் உத்தரவு. பாடத் தெரியாதவன் எவனாவது குழுவுக்குள் ஒளிந்திருக்கிறானா என்றுதான் சார்ஜண்ட் இப்போது தேடினார்.

உத்தரவு வந்த வாரத்திலேயே கட்டைக் குரல் வரிசை நீண்டுவிட்டது உண்மைதான்.

வாத்தியார் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. சிங்கப்பூரில் பெரிய மாதா கோயிலின் பாடகர் குழுவை நடத்தியவர் அவர். போர்தான் அவரை இந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டது. பாட முடியாத குரல் என்று கடவுள் எதையும் படைக்கவில்லை, பழக்காத குரல்தான் உண்டு என்பார்.

வேலுவின் குரலைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

வேலு வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கும் ரோலண்டும் சுரத்தைத் தவறவிட்டான். கடைசியில் வாத்தியார் வேலுவைப் பள்ளிக்கூடத்து மாதா படத்தருகே தனியே அழைத்து, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்.

"மாதா முன்னால நின்னு பொய்யா வாயசைச்சா பாவம் இல்லீங்களா வாத்தியாரே? நான் வேற, வேற சாமி கும்பிடுறவன்."

"உங்கண்ணன் புள்ளைங்களுக்கு யாரு கெழங்கு புடுங்கிப் போடுவா? நீ வாய அசை. பாவத்த நான் பாத்துக்கிறேன்."

வேலுவின் அண்ணன் முதல் லாரியிலேயே போனவன். திரும்பி வரவில்லை.

ஒத்திகையின்போது முன்வரிசை கெர்ட்ரூட் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். "வேலு அண்ணே, பாடுறீங்களா, கொட்டாவி விடுறீங்களா?"

இன்று அவள் திரும்பவே இல்லை.

சார்ஜண்ட் ரோலண்டின் வாயருகே கேட்டார். தலையசைத்தார். அடுத்தவன் வேலு.

எல்லோர் கண்ணும் வாத்தியாரின் கையில் இருந்தது. முதல் நாளிலிருந்து அவர் கற்றுக்கொடுத்தது அதைத்தான். வார்த்தை மறந்தால் பரவாயில்லை. கை போனால் போ. கை நின்றால் நில்.

சார்ஜண்ட் வேலுவின் பக்கம் குனிந்தார்.

வாத்தியாரின் கை மூடியது.

வெட்டியதுபோல் பாட்டு நின்றது. பால்மரங்களுக்குள் ஏதோ ஒரு பறவை கூவுவது கேட்டது. அத்தனை பேருடைய மௌனத்துக்கு நடுவில் வேலுவின் மௌனம் தனியாகத் தெரியவில்லை.

சார்ஜண்ட் நிமிர்ந்து நகர்ந்தார். கை திறந்தது. பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓடி முடிந்தது.

வரிசைக் கடைசிவரை போன சார்ஜண்ட் திரும்பி வேலுவைப் பார்த்தார். ஒரு விரலை உயர்த்தினார்.

"லாகி."

இன்னொரு முறை. முதலிலிருந்து.

வாத்தியார் அப்போதுதான் கேப்டன் பக்கம் பார்த்தார். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கேப்டன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது கேப்டனின் ஊரில் நாற்று நடுகிறவர்கள் பாடும் பாட்டு. சார்ஜண்ட் வேறு ஊர்க்காரர். அவருக்கு அது தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு வந்து வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தவர் கேப்டன்தான். நடுகிற கை நிற்காது, அதனால் இந்தப் பாட்டில் எங்கேயும் நிறுத்தம் கிடையாது என்று தெரிந்த மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னவரும் அவர்தான். நடுவில் நின்று மூச்சு வாங்கியதற்காக ரோலண்டைக் கன்னத்தில் அறைந்தவரும் அவர்தான்.

கேப்டன் எழுந்தார். குழுவுக்கு முன்னால் வந்து, வாத்தியாரை விலகி நிற்கும்படி கை காட்டினார்.

வாத்தியார் விலகினார். வேலையில்லாமல் போன கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டார்.

கேப்டன் கையை உயர்த்தினார். பாட்டு தொடங்கியது.

வாத்தியாரின் கையைவிட வேகமான கை. முப்பது கண்களும் அதைப் பின்தொடர்ந்தன. சார்ஜண்ட் மறுபடி முதல் ஆளிடமிருந்து வந்தார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ரோலண்ட் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான், இரண்டு பேருக்கும் சேர்த்து.

சார்ஜண்ட் அவனைத் தாண்டி வேலுவிடம் குனிந்தார்.

வருவது வரட்டும் என்று, பாடிவிடுவதற்காக வேலு மூச்சை இழுத்தான்.

கேப்டனின் கை மூடியது.

எல்லோரும் நின்றார்கள். இழுத்த மூச்சோடு வேலுவும் நின்றான்.

சார்ஜண்ட் குனிந்தபடியே தலையைத் திருப்பிக் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் அவரைப் பார்க்கவில்லை. பால்மரங்களுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடிய கை காற்றில் அப்படியே இருந்தது, சார்ஜண்ட் நிமிர்ந்து அடுத்த ஆளிடம் போகும்வரை.