எண்பத்தாறு கவர்

"லிஸ்ட்டைக் காணோம்னா? கால் முளைச்சு நடந்து போயிடுச்சாய்யா?"

மேனேஜர் சுப்புராயன் போட்ட கத்தலில் டீ கொண்டுவந்தவர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார்.

ஆபீஸ் கிளார்க் கலியமூர்த்தி அசரவில்லை. கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"நான் என்ன சார் பண்றது? லெட்டரைத் திறந்தா டேட்டா சோர்ஸ் கிடைக்கலைன்னு அதுவே சொல்லுது. காலையிலேர்ந்து பத்து தடவை பாத்துட்டேன்."

சொன்னது பாதி நிஜம். வேலைநீக்கக் கடிதம் வேர்டில் இருந்தது. ஆட்களின் பெயர்கள் எக்ஸெல்லில் இருந்தன. இரண்டையும் இணைத்துவிட்டால் ஆளுக்கொரு கடிதம் தானாக வந்து விழும். காலையில் முதல் வேலையாக அந்த எக்ஸெல் ஃபைலின் பெயரை மாற்றி, கேன்டீன் மெனு ஃபோல்டருக்குள் கொண்டுபோய்ப் போட்டவரே கலியமூர்த்திதான்.

கடலூருக்கு வெளியே இருக்கிற அந்தக் கெமிக்கல் ஆலையில் கான்ட்ராக்ட் ஆட்கள் எண்பத்தாறு பேர். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்கலாம். சட்டம் அப்படி. இன்றோடு நானூற்று எழுபத்தொன்பது.

சாயங்காலம் புவனகிரிக்கும் கம்மாபுரத்துக்கும் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது கையில் ஆளுக்கொரு கவர். நாளைக்கு எவனும் கேட்டைத் தாண்ட முடியாது. அதுதான் திட்டம்.

அந்த எண்பத்தாறு பெயரையும் ஒவ்வொன்றாக டைப் அடித்தவர் கலியமூர்த்தி. யாரும் சொல்லிக்கொடுக்காமல், புத்தகம் பார்த்துத் தட்டுத்தடுமாறிக் கம்ப்யூட்டர் படித்தவர். படித்தது இதற்கில்லை என்று நேற்றே முடிவு செய்துவிட்டார்.

"உன்னை நம்பினா பொழுது விடிஞ்சிடும். சிதம்பரத்துலேர்ந்து ஒரு பொண்ணு வருது. உன் வண்டவாளம் அப்பத் தெரியும்" என்றார் சுப்புராயன்.

மூன்று மணிக்கு அனுப்பிரியா வந்தாள். சிதம்பரத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவள். உட்கார்ந்தாள், இன்று கை வைத்த ஃபைல்களை மட்டும் தேடி வரிசையாக நிறுத்தினாள். ஐந்தே நிமிஷம்.

"கேன்டீன் மெனுவுல எண்பத்தாறு பேரு இருக்காங்களேண்ணே! யாரை வறுக்கறதா இருந்தீங்க?"

கலியமூர்த்திக்கு வியர்த்தது. நல்லவேளை, மேனேஜர் ஃபோனில் இருந்தார்.

"ஏம்மா, கெடைக்கலைன்னு சொல்லிட்டுப் போயிடேன். எண்பத்தாறு குடும்பம்மா."

"ஒளிச்சு வைக்கறதெல்லாம் பழைய டெக்னிக்ணே."

ஃபைல் இருக்கிற புது இடத்தை வேர்டுக்குக் காட்டிக்கொடுத்தாள். திரையில் 'திருமதி பொன்னி, கம்மாபுரம்' என்று முதல் கடிதம் வந்து நின்றது.

"சார், லிஸ்ட் கெடைச்சிடுச்சு!"

கலியமூர்த்தி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார்.

"அடிக்கறதுன்னா நீயே அடி. நீயே மடி, நீயே ஒட்டு. நான் ஒரு தாளைத் தொடமாட்டேன். வேணும்னா எனக்கும் சேத்து ஒண்ணு அடிச்சிடு!"

"அடுத்த லிஸ்ட்ல மொத ஆளு நீதான்யா!" என்றார் சுப்புராயன்.

"சந்தோஷம் சார். பேரைச் சரியாப் போடச் சொல்லுங்க!"

வெளியே போய் நின்றுகொண்டார். கண்ணாடிக் கதவு வழியே எல்லாம் தெரிந்தது. பிரிண்டர் துப்பித் தள்ளியது. அவள் தாள்களை விசிறி மாதிரி, அடியில் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிறபடி அடுக்கி நீட்டினாள். சுப்புராயன் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டே சர்சர்ரென்று போட்டுத் தள்ளினார். அந்த ஆபீசில் கையெழுத்து எப்போதும் அப்படித்தான். அவள் மடித்தாள், கவரில் போட்டாள், முகவரிச் சீட்டை ஒட்டினாள்.

ஆறு மணிக்கு எண்பத்தாறு கவரும் பஸ் ஏறிவிட்டது.

"ராத்திரி உனக்குத் தூக்கம் வருமாம்மா?" கிளம்பியவளை மறித்துக் கேட்டார் கலியமூர்த்தி.

"நல்லா வரும்ணே" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஆலை கேட்டில் கூட்டமும் அழுகையுமாக இருக்கும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தார் கலியமூர்த்தி. ஈ காக்கை இல்லை. வாட்ச்மேன் உத்திராபதி மட்டும் பல் தெரிய நின்றிருந்தார்.

"எங்கய்யா எல்லாரும்?"

"உள்ளதான் மாமா. ஏழு மணிக்கே கார்டு பஞ்ச் பண்ணிட்டு அவுங்கவுங்க வேலையைப் பாக்கறாங்க."

"நேத்து கவர் குடுத்தாங்களே?"

"குடுத்தாங்க. கவர் மேல அவுங்கவுங்க பேரு. உள்ள எண்பத்தாறுலயும் ஒரே பேரு. நீயே படிச்சுப் பாரு."

உத்திராபதி நீட்டிய கடிதத்தைக் கலியமூர்த்தி பிரித்தார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

'திரு. சுப்புராயன் அவர்களுக்கு, நாளை முதல் தங்கள் பணி தேவையில்லை. ஆலைக்குள் தாங்கள் அனுமதிக்கப்பட மாட்டீர்கள்.'

பின்னால் கார் ஹாரன் விடாமல் அலறியது. உத்திராபதி கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு, ஒரு கடிதத்தோடு கார் ஜன்னலருகே போய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"மன்னிக்கணும் சார். உங்களை உள்ள விடக்கூடாதுன்னு நீங்களே எண்பத்தாறு தடவை கையெழுத்துப் போட்டிருக்கீங்க."