இருநூறு பார் காற்று

1994 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குலசிங்கமும் அவருடைய அக்காவின் கணவரான அத்தான் தவநாதனும் லண்டன் லூயிஷாமிலிருந்து காரிற் சென்று தென்கரைக் கடலில் முக்குளித்தார்கள். மூழ்குமுன்பும் கரையேறிய பின்பும் சிலிண்டரிலுள்ள காற்றின் அளவை, பார் என்னும் அழுத்த அலகில், எழுதிவைக்க வேண்டும் என்பது அவர்களுடைய கழகத்தின் விதி. மூழ்குமுன் இருவரும் இருநூறு பார் என்றே எழுதினார்கள்.

கலங்கிய குளிர்நீரில் அத்தான் பத்து நிமிடம் கண்ணிற்படவில்லை. மீண்டும் தென்பட்டபோது, குமிழிகளுக்கு அஞ்சி விலகும் மீன்களெல்லாம் அவருடைய முகத்தருகே அசையாமல் நின்றன. அங்கே குமிழி எதுவும் எழவில்லை.

கரையில் குலசிங்கத்தின் அழுத்தமானி ஐம்பதைக் காட்டியது.

"அத்தான், உங்களுக்கு எவ்வளவு?"

"இருநூறு."

"போகேக்கையும் இருநூறுதானே?"

"நான் சிக்கனக்காரன். கொக்காவைக் கேட்டுப் பார்."

குலசிங்கம் சிரித்துவைத்தார். பிறகு அத்தானின் மானியைக் கழற்றித் தம் சிலிண்டரிற் பொருத்திப் பார்த்தார். அதுவும் ஐம்பது என்றே காட்டியது.

வழியெல்லாம் மழை, ஹீட்டரும் பழுது. குலசிங்கத்தின் பக்கத்துக் கண்ணாடியில் மூச்சுப்பட்டுப் பனிப்புகார் படிந்துகொண்டேயிருந்தது. மகளின் பிறந்தநாளைப் பற்றி ஓயாமற் பேசிவந்த அத்தானோ, தம் பக்கத்துக் கண்ணாடியை ஒருமுறையேனும் துடைக்கவில்லை.

லூயிஷாம் வந்தது. அக்கா கனகாம்பிகை கைக்குழந்தையோடு வாசலில் நின்றார். குலசிங்கம் காரை நிறுத்தவில்லை.

"வீடு தாண்டிப் போகுது, தம்பி," என்றார் அத்தான் பரிவோடு.

அத்தான் பக்கத்துக் கண்ணாடி வழியே, அக்கா குழந்தையின் கையைப் பிடித்து அசைத்துக் காட்டுவது தெளிவாகத் தெரிந்தது.