சத்தமில்லாத வண்டி

ஹாரிஸ் பாலத்துக்கு முந்தின சிக்னலில் கார் நின்றது. கூடவே எஞ்சினும் நின்றது.

"பாத்தியா, அணைஞ்சு போச்சு" என்றார் ஷேக் முகைதீன். பல வருட வாதம் ஒன்று நடுரோட்டில் நிரூபணமான திருப்தி குரலில் இருந்தது.

"அது தானாவே ஆஃப் ஆகும் வாப்பா. சிக்னல்ல பெட்ரோல் மிச்சம்" என்றாள் பக்கத்தில் இருந்த மகள் மர்ஜானா. கார் அவளுடையது. ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள் என்று, தான் குடியிருக்கும் வாகட்டிலிருந்து கட்கி பஜாரில் இருக்கும் அவருடைய சூட்கேஸ் கடைக்கே கொண்டுவந்து, சாவியைக் கையில் திணித்திருந்தாள்.

பச்சை விழுந்தது. கிளட்சை மிதித்ததும் எஞ்சின் மறுபடி உயிர்பெற்றது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. மீட்டரில் முள் நகர்ந்ததைப் பார்த்துத்தான் நம்பினார்.

அவருடைய பழைய டீசல் வண்டிக்கு ஆயுள் முடிந்துவிட்டது. புதிதாக வாங்கியாக வேண்டும். வாங்கினால் டீசல்தான் என்பதில் அவர் மலைபோல நின்றார்.

டீசலைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவர்களை நிறுத்தி வைத்து விளக்குவார். டார்க் என்கிற முறுக்குவிசை என்றால் என்ன, லோனாவாலா மலை ஏற்றத்தில் டீசல் எப்படி இழுக்கும், பெட்ரோல் எப்படி மூச்சு வாங்கும். கேட்டவர்கள் செருப்பு கிடைத்த பிறகும் நகர முடியாமல் நிற்பார்கள்.

லோனாவாலாவுக்கு அவர் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் பஸ்ஸில்.

"கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல எஞ்சின் சூடாகவே டைம் இல்ல வாப்பா" என்றாள் மர்ஜானா. "இப்ப வர்ற டீசல்ல புகை ஃபில்டர் இருக்கு. தூரமா ஓட்டலன்னா அடைச்சுக்கும். மைலேஜ்ல மிச்சம் பிடிக்கறத மெக்கானிக் கையில கொடுப்பீங்க."

"டீசல்னா ஒரு கம்பீரம்மா."

"பாலத்துல ஊர்ந்து போறதுக்கு எதுக்கு கம்பீரம்?"

அவரிடம் பதில் இருந்தது. அதை மகளிடம் சொல்ல முடியாது.

கல்யாணமாகி, பாலத்துக்கு அந்தப் பக்கம் தாபோடிக்குக் குடிவந்த நாளிலிருந்து, தன் வீட்டு அழைப்பு மணியை அவர் அழுத்தியதே இல்லை. மூன்றாவது மாடிக்கு ஏறி முடிக்கும்போது கதவு திறக்கும். மனைவி சைனபு ஒரு கிளாஸ் டீயோடு நிற்பாள்.

"வண்டியா அது, ஊரையே எழுப்புது. பாலத்துல ஏறும்போதே கேட்டுருது மச்சான்" என்பாள். ஒவ்வொரு நாளும் அதே குறை.

ஷேக் முகைதீன் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதே இல்லை. அந்தக் காலத்து ராஜாக்களுக்கு முன்னால் முரசு போகுமாம். தனக்கு எஞ்சினே முரசு என்று எண்ணிக்கொள்வார். கடையில் நாள் முழுக்க எவனெவனிடமோ பேரம் பேசி இறங்கிப்போன மனுஷன், அந்த ஒரு கதவு முன்னால்தான் நிமிர்வார்.

சத்தமில்லாத வண்டி வந்தால் அந்தக் கதவு மூடியே இருக்கும். மணியடிக்க வேண்டும். "யாரு?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்பாள். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவனிடம் கேட்பதுபோல.

இந்தச் செலவை எந்த மைலேஜ் கணக்கிலும் காட்ட முடியாது.

கார் கேட்டுக்குள் நுழைந்தது. வாட்ச்மேன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. டீசல் சத்தத்துக்குத் தினமும் தெறித்து ஓடும் பூனை, பார்க்கிங்கில் அவருடைய இடத்திலேயே புரண்டு படுத்தது. கையை வீசி அதை எழுப்பித்தான் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது.

"உம்மாவுக்கு நான் வர்றதே தெரியாது. சர்ப்ரைஸ்" என்று மர்ஜானா படியேறினாள். அவர் மெதுவாகப் பின்னால் ஏறினார்.

மூன்றாவது மாடி. கதவு மூடியிருந்தது.

அவர் நினைத்தது சரிதான். அழைப்பு மணியை அன்றுதான் நன்றாகப் பார்த்தார். விரலைத் தூக்கினார்.

கதவு திறந்தது.

"வண்டியா மச்சான் அது" என்றாள் சைனபு. "பாலத்துல ஏறும்போதே கேட்டுருச்சு. காது போயிரும்போல."

அவள் கையிலிருந்த தட்டில் இரண்டு கிளாஸ் டீ இருந்தது.

"எந்த வண்டி உம்மா? நாங்க வந்தது..." என்று ஆரம்பித்த மர்ஜானாவின் தோளில் அவர் கை விழுந்தது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

டீ கிளாஸை எடுத்துக்கொண்டு அவர் நேராக பால்கனிக்குப் போனார். அந்த நேரத்தில் அவர் அங்கே போகிற வழக்கம் இல்லை. வந்தால் சோபாதான், டீவிதான்.

பால்கனியில் ஒரு முக்காலி. அதன்மேல் பாதி நறுக்கிய பீன்ஸ் தட்டும், தூரத்தைப் பார்க்க சைனபு போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியும் இருந்தன. முக்காலிக்கு நேரே கீழே, மறைவே இல்லாமல், கேட்.

கிரில் முழுக்கப் பச்சை பெயிண்ட். ஒரு கம்பியில் மட்டும், உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், ஒரு பிடி அளவுக்குத் தேய்ந்து இரும்பு தெரிந்தது.

அவர் அந்த இடத்தைப் பிடித்துப் பார்த்தார். அவருடைய கைக்கு அது சின்னதாக இருந்தது.

"என்ன மச்சான், அங்க போய் நிக்கிறீங்க?" உள்ளேயிருந்து வந்த குரலில் கொஞ்சம் பதற்றம்.

"ஒண்ணுமில்ல. வண்டி சத்தம் இவ்வளவு தூரம் கேக்குமான்னு பாத்தேன்."

"கேக்கும், கேக்கும்."

"ஆமாமா. டீசல்னா அப்படித்தான்."

மர்ஜானா பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிவாசல் வாசலில் பேசும் அதே குரலில் சொன்னார்.

"யோசிச்சுப் பாத்துட்டேன். சிட்டி ஓட்டத்துக்கு பெட்ரோல்தான் சரி. ஃபில்டர் அடைக்கிற பிரச்சினை இருக்குல்ல."