பரிசலின் பின்பக்கம்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் ஜேக்கப்புக்குப் பின்னால் டொக் டொக்கென்று ஒரு சத்தம். அதைக் கேட்டவர்கள் சவாரியே வேண்டாமென்று இறங்கிக்கொண்டார்கள்.

"வட்டமா இருக்கற பரிசலுக்கு முன்னால ஏது, பின்னால ஏதுங்க?" என்று சிரித்தாள் மனைவி ஆக்சிலியா.

"சிரிக்காத புள்ள. சவாரி இல்லாம வூட்டுல உலை கொதிச்சு எத்தினி நாளாச்சு?"

பரிசலை எப்படிச் சுற்றினாலும் சத்தம் அவன் முதுகுப்பக்கமே வந்தது. மூங்கிலைப் பிரித்துப் பின்னினான்; புதுத் தார் பூசினான். கடைசியில் அந்தப் பரிசலையே கொளுத்திவிட்டு வேறொன்று பின்னினான். அதிலும் டொக் டொக்.

"நடங்க, நானே வந்து பாக்கறேன்" என்று ஆக்சிலியா ஏறி அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நடு ஆற்றில் சத்தம் வந்தது.

"பரிசல்ல இல்லீங்க. உங்க முதுவுக்குள்ள கேக்குது."

அவளும் விரலை மடக்கி அங்கே மெல்லத் தட்டினாள். உள்ளே யாரோ தாழ்ப்பாளை விலக்கினார்கள்.