ஊதாக் கொடி எது

கத்தரியை விரித்துப் பிடித்தபடி கால் மணி நேரமாக வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரியவில்லை.

வேலியில் இரண்டு கிளெமாட்டிஸ் கொடிகள். ஒன்று ஊதா, ஒன்று சிவப்பு. உள்ளங்கையை விரித்து வைத்த அகலத்துக்குப் பூக்கும். ஆனால் குளிர்காலம் முடிகிற இந்த நேரத்தில் இரண்டும் ஒரே மாதிரி பழுப்புச் சுள்ளிகள்.

சிவப்பை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். புதிதாக வரும் தண்டில்தான் அது பூக்கும். ஊதாவில் நுனியை மட்டும்தான் தொடலாம். பழைய தண்டிலேயே அதற்கு மொட்டு. மாற்றி வெட்டினால் இந்த வருடத்துப் பூ போச்சு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எது ஊதா என்பது நட்டவருக்குத்தான் தெரியும்.

நட்டவர் என் மாப்பிள்ளை.

மாப்பிள்ளையாக இருந்தவர். எங்களோடு இந்த வீட்டில் இருந்த ஐந்து வருடமும் அவர்தான் வெட்டுவார். மகளும் அவரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து ஏழு மாதமாகிறது.

என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடிதடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை. "ஒத்துவரலைம்மா" என்றாள் மகள். அதோடு சரி. அவர் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். நானும் எடுப்பதில்லை.

முப்பது வருடம் தையல் தொழில் செய்தவள் நான். துணியில் வெட்டு தப்பினால் ஒட்டுக்கொடுத்து ஒப்பேற்றிவிடுவேன். கொடிக்கு எங்கே போய் ஒட்டுக்கொடுப்பது?

மகள் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். நான் உள்ளே போய், சலவை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாஷிங் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் திருடியைப் போல அவருக்குப் போன் போட்டேன்.

மணி அடித்தபோதுதான் உறைத்தது. இனி அவரை என்னவென்று கூப்பிடுவது? தம்பி என்றா? சார் என்றா?

"சொல்லுங்க அத்தை," என்றார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. "ஊதா எது மாப்பிள்ளை?" என்று கேட்டுவைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. இடது பக்கம் இருப்பதுதான் ஊதா, அதில் காய்ந்த நுனியை மட்டும், பருத்த மொட்டு ஜோடியாக இருக்கிற இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள் என்றார்.

இடது என்றால் தெருவிலிருந்து பார்த்தா, வீட்டிலிருந்து பார்த்தா என்று கேட்டேன். அவரும் குழம்பினார். கொஞ்சம் யோசித்து, கேட்டை ஒட்டி ஏறியிருக்கிறதே, அதுதான் என்றார்.

நான் போனை வைக்கப் போனேன்.

"அத்தை, நேத்து அவகிட்டயும் வெறுமனே இடது பக்கம்னுதான் சொன்னேன். மாத்தி வெட்டிடப்போறா. கொஞ்சம் சொல்லிடுங்க."

எவளிடம் என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

அவர்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். போன வாரம் சமையலறைக் குழாய்க்கு எந்த வாஷர் என்று கேட்டாளாம். அதற்கு முந்தி ஃபியூஸ் போனதற்கு. குழாயை என் மகள் தானே கழற்றி மாட்டினாள் என்று பக்கத்து வீட்டில் நான் பெருமையடித்துவிட்டு வந்திருந்தேன்.

இப்படிக் கேட்டுக்கொள்ளவும் சொல்லிக்கொள்ளவும் முடிகிறவர்கள் எதற்காகப் பிரிந்தார்கள்? முன்பு கொஞ்சம்தான் புரியாமல் இருந்தது. இப்போது சுத்தமாகப் புரியவில்லை.

போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் எதிரே மகள். கையில் தோட்டத்துக் கையுறை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, எதைக் கேட்டாளோ.

"அம்மா, இடது பக்கம்னா தெருவுலேருந்து பாத்தா, வீட்டுலேருந்து பாத்தா?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கேட்டை ஒட்டி ஏறியிருப்பது என்று சொல்ல நுனி நாக்கு வரை வந்துவிட்டது.

"எனக்கென்னடி தெரியும்? சொன்னவங்களையே கேளு," என்றேன்.