மிளகுப்பட்டை

கத்தி பட்டைக்குள் இறங்கியதும் காரம் மூக்கில் ஏறியது.

அவள் உள்ளங்கை அளவுதான் அறுத்தாள். அதற்கு மேல் உரித்தால் மரத்துக்கு ஆகாது. கஷாயத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மேல் போட்டால் மனிதனுக்கு ஆகாது, குடல் வெந்துவிடும்.

தென்னாப்பிரிக்க நேட்டாலுக்குக் கரும்பு வெட்ட வந்த ஆறு வருஷத்தில் ஜூலு வைத்தியச்சி ஒருத்தி சொல்லிக் கேட்டது. இன்னொன்றும் சொன்னாள். உரித்த இடத்தில் சேறு பூச வேண்டும். மரத்தின் புண் ஆறினால் நோயாளி பிழைப்பான். ஆறாவிட்டால் இல்லை.

இந்தப் பட்டை, தோட்டத்துக் கூலிகளை மேய்க்கும் சர்தார் நாகப்பனுக்கு. மார்ச்சளி கட்டி, பத்து நாளாக இழுத்துக்கொண்டு கிடக்கிறான்.

பாவி.

போன மாசியில் காய்ச்சலோடு கிடந்த அவள் புருஷன் எல்லப்பனைக் குடிசையிலிருந்து இழுத்துப் போட்டுச் சவுக்கால் உரித்தவன். முதுகில் தோல் மிச்சமில்லை. அவள் இதே மரத்துக்கு ஓடிவந்தாள். பட்டை எடுத்தாள். சேறு பூசினாள்.

மூன்றாம் நாள் சர்தார் கரும்புக் கத்தியோடு வந்தான். சேற்றைக் கொத்தி எறிந்தான். வைரம் தெரிய மரத்தைப் பிளந்தான்.

"வைத்தியமா பாக்குற, வைத்தியம்?"

அன்று பொழுது சாயுமுன் எல்லப்பன் போய்விட்டான்.

அந்தப் பிளவு இன்னும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் புதுப் பட்டையை மடியில் கட்டினாள்.

பின்னால் சர்தாரின் பெண்டாட்டி குப்பாயி நின்றிருந்தாள். முக்காடு கண்வரை இறங்கியிருந்தது. ஒழுங்காகச் சேறு பூசுகிறாளா என்று கூட நின்று பார்த்துவர அவன்தான் அனுப்பியிருந்தான். தன் உயிர் மட்டும் வெல்லக்கட்டி.

அவள் ஓடைச் சேற்றை அள்ளினாள்.

பூசாவிட்டால் குப்பாயி போய்ச் சொல்வாள். நாளைக்கே தன் முதுகும் கிழியும். பூசினால் அவன் எழுந்து வருவான். சவுக்கும் கூடவே எழுந்து வரும்.

பல்லைக் கடித்துக்கொண்டு பூசினாள், ஓரம்வரை.

குப்பாயி கிட்டே வந்தாள். முக்காட்டைத் தள்ளினாள். ஒரு கண்ணைச் சுற்றிப் பழைய கறுப்பு. உதட்டில் ஆறாத பிளவு.

ஈரச் சேற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு புருஷன் வெட்டிய பழைய பிளவைப் பார்த்தாள்.

"கத்திய இப்புடி குடுக்கா."

அவள் பிடிப்பக்கம் திருப்பி நீட்டினாள்.