ஒண்டி ஆள்

"எனக்கென்ன? ஒண்டியாவே எல்லாம் செஞ்சுக்கிறேன். நீ இல்லாம வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

வீடியோ காலில் அப்பா. கட்டிலில் படுத்திருந்த மகளுக்கும் கேட்டது. பல்லைக் கடித்தாள்.

அவளுக்கு ஆறாம் மாதம். குழந்தை தங்க வேண்டுமானால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. கணவனுக்குக் கப்பல் வேலை. சேதி கேட்டதும் அம்மா பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன மறுநாள் அது.

"சொட்டு மருந்து?" என்றாள் அம்மா.

"விட்டுக்கிறேன்."

"யாரு விடுறா?"

"நானேதான். ஒரு சொட்டு கீழே சிந்தல."

"சட்டைக் காலர் நனைஞ்சிருக்கே?"

"வேர்வைடி. துப்பறிய வந்துட்டா!"

"பொத்தானும் ஏறுமாறா..."

"அது புது ஃபேஷன். உனக்கு வேலை வெட்டி இல்லையா? போனை வை."

ஆனால் அவர் வைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டு வந்தார்.

"நீ சாப்பிட்டியா?"

"ம்."

"சரி, சரி." வைத்துவிட்டார்.

மகள் வெடித்தாள். "கேட்டியாம்மா? நீ இல்லாம நிம்மதியாம்! அடுப்பு பத்தவைக்கத் தெரியாது, வாய் மட்டும் காது வரைக்கும். நன்றி கெட்ட மனுஷன்."

அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தாள். அணைந்த திரையில் அவள் முகம்தான் தெரிந்தது. முந்தானையால் அதைத் துடைத்தாள். இன்னொரு தடவையும் துடைத்தாள். அப்புறம் ஊரில் பக்கத்து வீட்டு நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதேம்மா. சும்மா எட்டிப் பார்க்கிற மாதிரி போய், அவர் கண்ணுக்கு மருந்து விட்டுட்டு வந்துடு. திட்டுவார். திட்டட்டும்."

"எதுக்கும்மா இப்படிக் கெஞ்சுறே?" என்றாள் மகள். "அவர்தான் பெரிய சூரராச்சே! ஒண்டியா முடியலைன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா, கிரீடம் இறங்கிடுமா?"

அம்மா மகளின் காலடியில் நழுவிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

"சொன்னா, நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுடுவேன்டி. அது அவருக்குத் தெரியும்."